டார்க்கஸ் சொல்லாத உறுதி

யார்க்‌ஷயரின் அந்தக் குவேக்கர் கிறிஸ்தவக் கூடத்தில் பாதிரியாரும் இல்லை, பீடமும் இல்லை; வெள்ளைச் சுவரும் மரப்பெஞ்சுகளும்தான். மணமக்கள் தாங்களே எழுந்து உறுதி சொன்னால்தான் கல்யாணம். மாப்பிள்ளை ஜோசையா சொல்லிவிட்டான். அவனைப் பிடிக்காத டார்க்கஸ், வாய் திறக்காவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைத்திருந்தாள். ஆனால் மௌனத்தில் ஊறிய அந்தச் சனம், ஆண்டவர் அவளைப் பேசவைப்பார் என்று கண்மூடிக் காத்திருந்தது. வெயில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போய்விட்டது.

"ஏண்டி, நாக்கு ஒட்டிக்கிச்சா?" என்று அக்கா கிசுகிசுத்தாள்.

"பேசலைன்னா விட்டுடுவாங்கன்னு நெனச்சேன்க்கா."

"நம்ம ஆளுங்களா? விடியிற வரைக்கும் உக்காந்திருப்பாங்க!"

டார்க்கஸ் எழுந்தாள். "எனக்கு இதில மனசில்ல," என்றாள்.

சபைப் பெரியவர் அன்போடு தலையசைத்தார். எல்லோரும் மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டு, சரியான பதிலுக்குக் காத்திருந்தார்கள்.