காணாமல் போன தொள்ளாயிரத்து ஐம்பது போன்கள்

எங்கள் செல்போன் கம்பெனி கேன்டீன் மைக்கில் மேனேஜர் இராமச்சந்திரன் பேசப் பேச எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செல்போன் மோசடி! போன மாசம், அதான் ஜூலை ரெண்டாயிரத்து ஆறுல மட்டும் தொள்ளாயிரத்து ஐம்பது போன் காணோம். முப்பத்தெட்டு லட்சம் நஷ்டம்!"

ஷிப்டே திரும்பி என் பக்கத்தில் இருந்த பூமாரியைப் பார்த்தது. லைனில் பெயிலான போனைப் பிரித்துச் சரிசெய்வது அவள் வேலை. இருவருக்கும் ஊர் தூத்துக்குடிப் பக்கம். கம்பெனிக்குப் பக்கத்தில் மண்ணூரில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவள் பெயரில் ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்தே கையில் கொடுத்திருந்தார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் போலீஸாம்.

தொள்ளாயிரத்து ஐம்பது போன்! செருப்பைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் எங்களை கேட்டுக்கு வெளியே விடுகிறார்கள். இவள் எதில் அள்ளிக்கொண்டு போனாளாம், கம்பெனி பஸ்ஸிலா?

எழுந்துவிட்டேன். "கணக்கு எப்படி சார் போட்டீய?"

"ஒவ்வொரு போன்லயும் ஒரு நம்பர் ஸ்டிக்கர் இருக்கு. லைன்ல ஏறின நம்பர்ல எதெல்லாம் பேக்கிங் வரலையோ, அதெல்லாம் திருட்டு. உட்காரும்மா."

"உக்கார மாட்டேன். சரிபண்ணின போனுக்குப் புது நம்பர் ஸ்டிக்கர் ஒட்டித்தான திரும்ப ஏத்துதோம்? பழைய நம்பரு எப்படி சார் பேக்கிங் வரும்?"

சூப்பர்வைசர் பாண்டுரங்கன் தலையைச் சொறிந்தார். "அப்டித்தான் சார் நடக்குது."

"அப்போ பழைய ஸ்டிக்கர் எங்க? காட்டச் சொல்லு!" என்று அவரிடம் பாய்ந்தார் மேனேஜர்.

பூமாரி என் கையைக் கிள்ளினாள். உரித்த ஸ்டிக்கரைக் குப்பைப் பையில் போட வேண்டும் என்பது விதி. அவள் போடுவதில்லை. எத்தனை போனைப் பிழைக்க வைத்தாய் என்று ஒருவரும் கேட்காத ஆத்திரத்தில், நகத்தளவு ஸ்டிக்கர்களைத் தன் லாக்கர் கதவின் உட்பக்கம் வரிசையாக ஒட்டிவைத்திருந்தாள். அதற்குத் தனியாக மெமோ வரும். வரட்டுமே, திருடி என்ற பேரைவிட மெமோ மேல். "வாங்க, காட்டுதேன்" என்று நானே முன்னால் நடந்தேன்.

மேனேஜரின் பட்டியலோடு ஒவ்வொரு நம்பராக ஒத்துப் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

"தொள்ளாயிரத்து நாப்பத்தேழு கீது சார்" என்றார் பாண்டுரங்கன்.

"மூணு குறையுதே!" மேனேஜர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"அப்போ அந்த மூணத் தேடுங்க. முப்பத்தெட்டு லட்சத்த எதுக்குத் தேடுதீய?" என்றேன்.

பூமாரி, கையெழுத்துப் போடாத கடிதத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"மூணு போன்னு அதே மைக்குல, அதே சத்தத்துல சொல்லுங்க சார். கேட்டுட்டுத்தான் நான் வேலை மேஜைக்குப் போவேன்."