மூன்றாவது திரையில் ஒரு சுரங்கம்

மட்டுவார்குழலிக்கு முப்பத்தாறு வயது. துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது அவள் வேலை. காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு வருஷமாக ஒரு வீடியோ கேம் எழுதிக்கொண்டிருந்தாள். வீட்டில் கணவன் ஜெய்சங்கருக்குத் தெரியும். ஆபீசில் ஒருவருக்கும் தெரியாது.

அந்த கேம் ஓடும் கருவியை அவளுக்கு விற்றவன் வசீம். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் மொபைல் சர்வீஸ் செய்கிறவன். உள்ளங்கையில் அடங்குகிற கன்சோல்களை அவனே பொருத்தி விற்றான். அவற்றின் சர்க்யூட் படம், உள்ளே ஓடும் மென்பொருள் எல்லாமே ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், புதிதாக எழுதி ஏற்றலாம். ஆனால் வாங்கிப்போகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதில் எமுலேட்டரைத்தான் போட்டுக்கொண்டார்கள். புதுக் கருவியை முப்பது வருஷத்துக்கு முந்தைய மெஷினாக நடிக்க வைக்கிற புரோகிராம் அது. அது இருந்தால், அந்தக் காலத்தில் டி.வி.யில் இணைத்து விளையாடிய கேசட் கேம்கள் அத்தனையும் ஓடும்.

மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வசீமின் மாடியில் கன்சோல்காரர்கள் கூடுவார்கள். வருகிறவர்களில் குழலிக்கும் ரெங்கராஜுக்கும்தான் எப்போதும் வாக்குவாதம். ரெங்கராஜ் நாற்பத்தைந்து வயதுக்காரர். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். இருக்கிற பழைய கேம்களை முடிக்கவே ஆயுசு போதாது, இதில் புதுசு எதற்கு என்பது அவர் கட்சி. பழசு மட்டும் போதுமென்றால் பழைய மெஷினையே தேடிப் பிடித்து வாங்கியிருக்கலாமே, சர்க்யூட் படம் வரைக்கும் திறந்து கொடுத்திருப்பது நாம் எழுதத்தானே என்பது குழலியின் கட்சி. சண்டை என்று ஆனதில்லை. ஒவ்வொரு தடவையும் டீ வந்ததும் அடங்கிவிடும்.

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் குழலி தன் கேமை முழுதாக ஏற்றிக்கொண்டு வந்தாள். பெயர் 'பரிசல்'. ஒரு பெண் பச்சை நிற ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ஆட்களையும் மூட்டைகளையும் பரிசலில் கொண்டுபோக வேண்டும். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு ஏறும், மூடினால் இறங்கும். மொத்தம் இருபது திரை. அந்த மாதக் கடைசியில் இந்தக் கன்சோலுக்கென்றே எழுதப்பட்ட புது கேம்களுக்கு இணையத்தில் ஒரு போட்டி இருந்தது. தேர்வாகிறவற்றை இனி வரும் கன்சோல்களில் ஏற்றியே அனுப்புவார்களாம். விதி ஒன்றே ஒன்றுதான்: எல்லாம் சொந்தமாக இருக்க வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் நாலு பேர் விளையாடிப் பார்க்கட்டும் என்று அவள் கன்சோலை முதலில் ரெங்கராஜிடம் நீட்டினாள். அவரை ஜெயித்துவிட்டால் மற்றவர்கள் பொருட்டில்லை என்ற எண்ணம்.

அவர் ஒப்புக்குத்தான் வாங்கினார். முதல் திரையில் இரண்டு தடவை மூழ்கினார். இரண்டாவதில் ஒரு தடவை. மூன்றாவது திரை வந்ததும் அவர் முகம் மாறியது. வலது கரையோரம் வேர்விட்டு நிற்கும் மருதமரத்தின் அடியில் பரிசலைக் கொண்டுபோய் நிறுத்தினார். கீழ் பட்டனை இரண்டு தடவை அழுத்தினார். வேர்களுக்கு நடுவே ஒரு சுரங்கம் திறந்து, பரிசல் அதற்குள் புகுந்து அக்கரையில் வெளியே வந்தது.

அந்தச் சுரங்கத்தை வைத்தது குழலிக்கு மட்டும்தான் தெரியும். ஜெய்சங்கரிடம்கூடச் சொன்னதில்லை.

"சார், அங்க வழி இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

ரெங்கராஜ் கன்சோலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "யார் சொல்லணும்? இது நான் சின்ன வயசுல விளையாடினதுங்க. உறையூர்ல எங்க அத்தை வீட்ல. தொண்ணூத்தாறுலயோ ஏழுலயோ. இந்த மரம், இந்த ஆறு, எல்லாம் அப்படியே இருக்கு. இதை எங்கேருந்து எடுத்தீங்க?"

எடுக்கவில்லை, எழுதினேன் என்றாள் அவள். எழுதினதென்றால் எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் திருப்பிக் கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. அவருக்கும் நிஜமாகவே விளங்கவில்லை. வசீம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பழைய ஆட்களுக்கு எங்கே மரத்தைப் பார்த்தாலும் கீழ் பட்டனை அழுத்திப் பார்க்கிற பழக்கம் உண்டு, அப்படி இருக்கலாம் என்று சமாதானம் சொன்னான். ரெங்கராஜ் தலையாட்டி மறுத்தார். அழுத்திப் பார்க்கவில்லை, அங்கே வழி இருக்கிறதென்று தெரிந்தே அழுத்தினேன் என்றார்.

அன்று பொன்மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் குழலிக்கு ஜன்னலுக்கு வெளியே எதுவும் கண்ணில் படவில்லை. வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு திரையையும் எழுதுவதற்கு முன் பென்சிலில் வரைந்து, யோசித்ததையெல்லாம் பக்கத்தில் குறித்து வைப்பது அவள் வழக்கம். முதல் திரையை ஏழு தடவை அடித்துத் திருத்தியிருந்தாள். ஐந்தாவது திரைக்கு நாலு பக்கம். மூன்றாவது திரைக்கு ஒரே ஒரு படம். அடித்தல் கிடையாது, திருத்தல் கிடையாது. மரம், வேர், கீழ்நோக்கி இரண்டு அம்புக்குறி. எப்படி யோசித்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். யோசித்த ஞாபகமே இல்லை.

அப்படியானால் எங்கோ பார்த்திருக்கிறோமா? சின்ன வயதில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு லிசியோடு டி.வி. கேம் முன்னால் உட்கார்ந்திருந்தது மங்கலாக நினைவுக்கு வந்தது. லிசி இப்போது போத்தனூரில் இருந்தாள். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு போன் போட்டாள். உங்கள் வீட்டு டி.வி. கேமில் படகு விடுகிற மாதிரி ஏதாவது இருந்ததா என்று கேட்டாள்.

லிசி சிரித்தாள். "எங்க வீட்ல ஏதுடி டி.வி. கேமு? உங்க வீட்லதான இருந்துச்சு. உங்க அப்பா வாங்கிட்டு வந்தாருல்ல?"

குழலியின் அப்பா அப்படி ஒன்றை வாங்கவே இல்லை. அது அவளுக்கு நிச்சயம். லிசிக்குத் தன் வீட்டில் இல்லை என்பது நிச்சயம். இரண்டு பேருக்கும் ஒன்றாக உட்கார்ந்து விளையாடியது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. கால் மணி நேரம் பேசியும், எந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்று முடிவுக்கு வர முடியவில்லை. போனை வைத்தபோது குழலிக்கு முன்பைவிடக் குழப்பம்தான் கூடியது.

அந்த வாரம் அவள் கம்பெனி வரைபடங்களில் இரண்டு தடவை அளவைத் தப்பாகப் போட்டாள். ஜெய்சங்கர், ஒரு சின்னச் சுரங்கத்துக்காக இவ்வளவு மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றான். அவளைக் குடைந்தது சுரங்கம் மட்டும் இல்லை. சுரங்கம் தன்னுடையது இல்லை என்றால் பரிசல்? அணைத் தண்ணீர்? எது தான் நினைத்தது, எது எங்கேயோ பார்த்தது என்று எதை வைத்துப் பிரிப்பது?

அடுத்த ஞாயிறு மத்தியானம் ரெங்கராஜ் தன் கடைக்குக் குழலியையும் வசீமையும் வரச் சொன்னார். கண் பரிசோதனை செய்கிற உள்ளறையில் மூன்று நாற்காலி போட்டிருந்தார். வசீம் ஒரு மெமரி கார்டில் அந்தக் காலத்து கேசட்களின் நகல்களைச் சேகரித்துக்கொண்டு வந்திருந்தான். ஒரே கேசட்டில் நூறு கேம், ஆயிரம் கேம் என்று போட்டு விற்ற மலிவுச் சரக்கு அதில் நிறைய. பாதிக்குப் பெயரே கிடையாது, வெறும் நம்பர். ஒவ்வொன்றாக எமுலேட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். குழாய், குதிரை, பீரங்கி வண்டி, பறக்கிற தட்டு. ரெங்கராஜின் மனைவி மகாலட்சுமி மாடியிலிருந்து காபி கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். உறையூர் அத்தையின் மகள் அவள். ரெங்கராஜ் சொன்ன அந்த வீடு அவள் பிறந்து வளர்ந்த வீடு.

ஐந்து மணிக்குப் பக்கமாக, எழுபத்தி மூன்று என்று மட்டும் பெயர் போட்டிருந்த ஒன்றை வசீம் திறந்தான். ஒரு ஆறு வந்தது. தொப்பி வைத்த ஒரு ஆள் மரக்கட்டையின் மேல் நின்றுகொண்டு மிதந்தான். வசீம் கன்சோலைக் குழலியிடம் கொடுத்தான். அவள் முதல் இரண்டு திரையையும் தாண்டினாள். மூன்றாவதில் வலது பக்கம் ஒரு மரம் இருந்தது. அதன் கீழே போய் இரண்டு தடவை அழுத்தினாள். தரை திறந்தது. தொப்பிக்காரன் உள்ளே போய் அந்தப் பக்கம் வந்தான்.

குழலிக்கு முதலில் ஒருவித நிம்மதி வந்தது, விஷயம் தெரிந்துவிட்டதே என்று. உடனே பின்னாலேயே அவமானம் வந்தது. இதை எங்கேயோ, யார் வீட்டிலோ பார்த்திருக்கிறாள். அவளுக்கே தெரியாமல் இத்தனை வருஷம் அது உள்ளே கிடந்து, தன் யோசனை மாதிரி வெளியே வந்திருக்கிறது. கன்சோலை ரெங்கராஜிடம் கொடுத்து, நீங்கள் சொன்னது சரிதான் சார் என்றாள்.

ரெங்கராஜ் பத்து நிமிஷம் விளையாடினார். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டார். "இது இல்லைங்க," என்றார்.

வசீமுக்குப் புரியவில்லை. வழி அதே இடத்தில்தானே சார் இருக்கிறது என்றான்.

"வழி இருக்கு. ஆனா நான் விளையாடினது இது இல்லை. அதுல ஆறு பச்சையா இருக்கும். வேர் தெரியும். தொப்பியெல்லாம் கிடையாது, ஒரு பொம்பளைதான் துடுப்பு போடுவா. நீங்க எழுதியிருக்கீங்களே, அதுதாங்க."

கதவோரம் நின்றிருந்த மகாலட்சுமி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "எங்க வீட்டு டி.வி. அப்ப பிளாக் அண்ட் ஒயிட்டுங்க. உங்களுக்குப் பச்சை எங்கேருந்து வந்துச்சு?"

ரெங்கராஜ் அவளைப் பார்த்தார், மேஜைமேல் இருந்த கன்சோலைப் பார்த்தார். பச்சைதான் என்று இன்னொரு தடவை சொன்னார். ஆனால் குரலில் பழைய உறுதி இல்லை. போன ஞாயிறு குழலியின் கேமைப் பார்த்த பிறகுதான் தனக்குப் பச்சையாக ஞாபகம் வர ஆரம்பித்ததோ என்று அவரே கேட்டுக்கொண்டார். அதற்கு முன்னால் அந்த ஆறு தன் ஞாபகத்தில் எந்த நிறத்தில் இருந்தது என்று யோசித்தார். தெரியவில்லை என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் எதையோ பறிகொடுத்த மாதிரி ஒரு திகைப்பு இருந்தது. குழலிக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. தன்மேல் கோபமாகவும் இருந்தது. இரண்டு பேரில் யார் யாரிடமிருந்து எடுத்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

போட்டிக்கு அனுப்ப இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சுரங்கம் அப்படியே இருக்கட்டும், பெயரே இல்லாத கேமுக்கு யார் வந்து உரிமை கேட்கப் போகிறார்கள் என்றான் வசீம். குழலி மூன்று நாள் யோசித்தாள். நாலாவது நாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்து சுரங்கத்தை எடுத்துவிட்டாள். பதினேழு வரிதான் போனது. ஆனால் அது போனதும் மூன்றாவது திரை ஓடவில்லை. தண்ணீர் ஏறிவிட்டால் அக்கரைக்குப் போக வழியே இல்லை.

அடுத்த மூன்று காலைகள் அவள் நோட்டில் வரைந்து வரைந்து அடித்தாள். பாலம் வைத்தாள், அடித்தாள். கயிறு கட்டினாள், அடித்தாள். கடைசியில் ஒன்று பிடிபட்டது. ஆற்று நடுவில் துடுப்பை வைத்துவிட்டு, ஒரு பட்டனையும் தொடாமல் பதினோரு விநாடி சும்மா இருந்தால், நீர் வடிந்து ஒரு மணல்திட்டு மேலே வரும். நோட்டில் ஆறு பக்கம் கிறுக்கல் இருந்தது. அந்தக் கிறுக்கலைப் பார்க்கத் தைரியமாக இருந்தது. ஆனாலும் அனுப்புகிற பட்டனை அழுத்தும் நேரத்தில், இதையும் எங்கேயாவது பார்த்திருப்போமோ என்ற எண்ணம் வந்தது. இல்லை என்று அடித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. அனுப்பிவிட்டாள்.

புது வடிவத்தை ரெங்கராஜின் கன்சோலிலும் ஏற்றச் சொல்லி வசீமிடம் கொடுத்திருந்தாள். புதன்கிழமை அவர் போன் செய்தார். மூன்றாவது திரையில் ஒன்பது தடவை மூழ்கினாராம். வெறுத்துப்போய், கடைக்கு ஆள் வந்ததென்று கன்சோலை வைத்துவிட்டு எழுந்து போனாராம். திரும்பி வந்து பார்த்தால் மணல்திட்டு மேலே நின்றதாம். இந்த இடம் தனக்குச் சுத்தமாகத் தெரியாது என்றார். புகாராகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வசீம் முன்பே ஏற்றித் தந்திருந்த பழைய வடிவத்தையும் அழிக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

கார்த்திகையில் முடிவு வந்தது. தேர்வான பதினான்கு கேம்களில் 'பரிசல்' ஒன்பதாவதாக இருந்தது. அந்த ஞாயிறு வசீமின் மாடியில் எல்லாருக்கும் அவள் செலவில் சமோசா. புதிதாகக் கன்சோல் வாங்க வந்திருந்த அப்துல் அஹத் என்ற வாத்தியார் ஒருவர் 'பரிசல்' விளையாடிப் பார்த்தார். நன்றாக இருக்கிறதே, இது எந்தப் பழைய மெஷினின் கேம் என்று பொதுவாகக் கேட்டார்.

குழலி, இது இந்தக் கன்சோலுக்கென்றே எழுதினது, நான் எழுதினது என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வந்தது. வாத்தியாருக்குக் காதில் விழுந்ததோ இல்லையோ.

"பழசு இல்லைங்க," என்றார் பக்கத்தில் இருந்த ரெங்கராஜ், கொஞ்சம் உரக்கவே. "இவங்கதான் எழுதினாங்க. நான் பக்கத்துல இருந்து பார்த்தேன்."

அவர் பார்க்கவில்லை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். குழலி சமோசாத் தட்டை வாத்தியார் பக்கம் நகர்த்தினாள்.