தலையசைத்து நொண்டிய கழுதை

2024 யூலை 16, செவ்வாய்

நேற்றைய குறிப்பில் 'வலது முன்னங்கால்' என்று எழுதியிருக்கிறேன். அது பிழை. வெட்டாமல் விடுகிறேன்; எப்படித் தவறினேன் என்று பிறகு பார்க்க உதவும்.

கால்நடைப் பராமரிப்பு மாலை வகுப்பு நடக்கும் மண்டபத்துக்கு முன்னால், தலைமன்னார் வீதியில், ஒரு பெட்டைக்கழுதை குட்டியோடு நொண்டி நிற்கிறது. பஸ் ஹோர்ண் அடித்தாலும் விலகாது, தள்ளினாலும் நாலு அடிக்கு மேல் நகராது. இருட்டில் எந்த லொறியும் அடித்துவிடலாம். நேற்று நானே முன்வந்து நடையைப் பார்த்தேன். வலது கால் படும்போதெல்லாம் தலை தாழ்ந்தது. அதில்தான் நோவு என்று முடிவுகட்டிக் குளம்பைச் சுரண்டினேன். ஒன்றும் இல்லை.

இன்று கூடப் படிக்கும் நௌஷாட் மண்டப முற்றத்தில் என்னைக் கண்டதுமே தொடங்கிவிட்டான்.

"என்ன டொக்டரம்மா, இண்டைக்கு எந்தக் கால்? வாலையும் ஒருக்காப் பாருங்கோவன்."

என் இடது செருப்புக்குள் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தேன்.

"கழுதைக்குத் துணையா நீயும் நொண்டப் போறியோ, அபிசா?" என்றாள் வகுப்புத் தோழி றிஸ்மினா.

"சிரிக்காம என்ர தலையைப் பாரடி. எப்ப நிமிருது?"

அவள் சிரிப்பு நின்றது. "கல்லுக் கால் படேக்க நிமிருது. மற்றது படேக்க தாழுது."

அப்போதுதான் பிடிபட்டது! நோகும் காலில் பாரம் விழாதிருக்கத் தலை மேலே போகிறது. நல்ல காலில்தான் தாழ்கிறது. நேற்று நான் சுரண்டியது நல்ல காலை.

மூவரும் வீதிக்கு ஓடினோம். நௌஷாட் கழுதையின் கழுத்தைக் கட்டிப் பிடித்தான். றிஸ்மினா கைகாட்டி வாகனங்களை மறித்தாள். இடது முன்னங்காலைத் தூக்கினேன். இதிலும் ஒன்றும் இல்லாவிட்டால்? அழுக்கைச் சுரண்டச் சுரண்ட, குளம்படியில் கறுப்பாக ஒரு முனை. குறட்டால் பிடித்து இழுத்தேன். உடைமரத்து முள்!

"அல்லாஹ்வே, ஆணி மாதிரி!" என்று றிஸ்மினா கத்தினாள்.

கழுதை காலை ஊன்றியது, எடுத்தது, மறுபடி ஊன்றியது. பின்னால் ஹோர்ண் சத்தம். ஓர் அடி வைத்தது, இன்னொன்று. கொஞ்சம் நொண்டல்தான், ஆனாலும் தார் வீதியை விட்டு மணலில் இறங்கி உடைமரங்களுக்குள் போய்விட்டது. நாலு காலையும் ஒன்றாய்த் தூக்கித் துள்ளியபடி குட்டியும் பின்னால்.

"பாருங்கோ டொக்டரம்மா, ஒரு நன்றிகூடச் சொல்லாமப் போகுது" என்றான் நௌஷாட்.

நாளை: காலையில் மிருக வைத்தியர் கந்தோருக்குப் போய், முள் குத்திய கழுதைக்கு ஏற்புவலி (டெட்டனஸ்) வராமல் ஊசி போட ஆள் வருவார்களா என்று கேட்பது.