வியாழக்கிழமைக்கு வைத்த முட்டைகள்

செவ்வாய்க்கிழமை மதியத்துக்குள் சில்வினா வக்கீலாகிவிட்டாள். சட்டக் கல்லூரியின் படிகளில் அவள் இறங்கியபோது சட்டையில் ஒரு பொட்டு மாவுகூட இல்லை.

ரொசாரியோ நகரில் யாரும் அப்படி வெளியே வருவதில்லை. கடைசிப் பரீட்சையில் தேறியவர் வாசலைத் தாண்டியதும் வீட்டாரும் சிநேகிதர்களும் சூழ்ந்துகொள்வார்கள். தலையில் முட்டை உடையும், மாவு கொட்டும், கத்தரிக்கோல் சட்டையைப் பதம் பார்க்கும். அன்றும் எதிரே பிளாசா சதுக்கத்தில் ஒரு பையன் வெள்ளைப் பிசாசுபோல நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

படிகளில் முட்டை ஓடு பெருக்கிக்கொண்டிருந்த கிளாடிஸ் நிமிர்ந்து பார்த்தாள். கல்லூரிக் கடைநிலை ஊழியர்களில் எல்லா மாணவர்களையும் முகம் பார்த்தே அறிந்தவள் அவள்தான்.

"என்ன டாக்டரம்மா, ஊத்திக்கிச்சா?" வக்கீல்களையும் அந்த ஊரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இல்ல. தேறிட்டேன்."

"அப்ப உங்க ஆளுங்க எங்க?"

"வியாழக்கிழமை வருவாங்க."

"அதுவரைக்கும் இங்கயே நிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு கிளாடிஸ் மறுபடி பெருக்க ஆரம்பித்தாள்.

டிசம்பர் மாதக் கோடை வெயிலில் சில்வினா போட்டிருந்த கோட்டு முதுகோடு ஒட்டியது. உள்ளே சூப்பர்மார்க்கெட்டின் பச்சைச் சட்டை. வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் வீட்டிலிருந்து கிளம்பியிருந்தாள். இப்போது உண்மையிலேயே வேலைக்குத்தான் போக வேண்டும்.

பொய் சொன்னதற்குக் காரணம் ஜூலையில் நடந்தது. மிஞ்சியிருந்தது கப்பல் சட்டம் ஒன்றுதான். பத்தொன்பது வயதில் சேர்ந்து, மகள் மலேனா வயிற்றில் வந்ததும் விட்ட படிப்பு அது. இரண்டாவதாகப் பிறந்த தொபி பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, கல்லாப்பெட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே ஒவ்வொரு பாடமாக முடித்துக்கொண்டு வந்தாள். அந்த ஜூலைக் குளிரில் புருஷன் நெஸ்தோரும் பிள்ளைகளும் முட்டைகளோடு பிளாசாவில் காத்திருந்தார்கள். உள்ளே, எந்தப் பாடத்தில் கேள்வி என்று குலுக்கிப் பார்க்கும் கம்பிக் கூண்டைச் சுழற்றினார்கள். எண் போட்ட உருண்டை ஒன்று விழுந்தது. அந்த எண்ணுக்குரிய பாடத்தில் அவள் வாயே திறக்கவில்லை.

வெளியே வந்து இல்லை என்று தலையை ஆட்டுவதற்குள் ஏழு வயது தொபி, "அம்மா தேறிட்டா!" என்று கத்தியபடி எறிந்துவிட்டான். முட்டை அவள் நெஞ்சில் உடைந்து வழிந்தது.

துடைக்கத் துடைக்க அது பரவியது. அப்படியே பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் எல்லோரும் கைதட்டினார்கள். டிரைவர் காசு வேண்டாம் என்றார். யாரோ ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்து, "வாழ்க, டாக்டர்!" என்றார். சில்வினா "நன்றி" என்றாள். வேறு என்ன சொல்வது? நெஸ்தோர் வீடு வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மீந்த முட்டைகள் அந்த வாரம் முழுக்க உருளைக்கிழங்கோடு சேர்ந்து தட்டில் வந்தன. தொபி மட்டும் முட்டையைத் தொடாமல் கிழங்கைப் பொறுக்கித் தின்றான்.

அதனால்தான் இந்த முறை தேதியை மாற்றிச் சொன்னாள். தோற்றால் ஒருவருக்கும் தெரியாமல் தோற்றுக்கொள்ளலாம். தேறிவிட்டால் என்ன செய்வது என்று அவள் யோசித்திருக்கவே இல்லை.

கல்லாவில் அன்று கவனம் நிற்கவில்லை. ஒரு பெண்மணி முட்டைப் பெட்டியை நீட்டினாள். சில்வினா மூடியைத் திறந்து ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகும் மூட மனம் வரவில்லை.

"என்னம்மா, அடைகாக்கப் போறியா?" என்றாள் அந்தப் பெண்மணி. வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே நாற்றம். குடித்துக் கழித்த மாத்தே தேநீரின் இலைச் சக்கையை மலேனா ஒரு வாரமாகப் பையில் கட்டி பால்கனியில் ஊறப்போட்டிருந்தாள். அதில் வினிகரும் கலந்திருந்தது.

"வியாழக்கிழமை உன் தலையில இதத்தான் மொதல்ல கொட்டுவேன்," என்றாள் மலேனா. "ஒரு வாரத்துக்கு எந்த ஷாம்புவும் வேலைக்காவாது பாரு."

"பெத்தவகிட்டப் பேசற பேச்சா இது?"

"அப்பா சிரிக்கிறாரே!"

நெஸ்தோர் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவன். டிசம்பரில் அவனுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆனாலும் வியாழக்கிழமைக்கு ஒரு வேலையும் ஒத்துக்கொள்ளவில்லை. மேசை துடைத்ததும் ஒரு பழைய டப்பாவைக் கொண்டுவந்தான். அதில் எண் எழுதிய காகித உருண்டைகள் கிடந்தன. கூண்டுக்குப் பதிலாக அவர்கள் வீட்டில் அதுதான். குலுக்கி ஒன்றை எடுத்தான்.

"எட்டு. சொல்லு ஒல்லி." கல்யாணத்தின்போது அவள் ஒல்லி. இப்போது இல்லை. பேர் மட்டும் மாறவில்லை.

காலையில் கூண்டிலிருந்து விழுந்ததும் எட்டுதான். சில்வினா அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். புயலில் சிக்கிய கப்பலைக் காப்பாற்ற மாலுமி சரக்கைக் கடலில் எறியலாம். எறிந்தது யாருடைய சரக்காயிருந்தாலும் சரி, பிழைத்த சரக்கின் சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்த நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

நெஸ்தோர் கையில் காகித உருண்டையை உருட்டிக்கொண்டிருந்தான்.

"இதுவே வரட்டும்," என்றான். "வியாழக்கிழமை இதுவே விழணும்."

இப்போது சொல்லிவிடலாம். வாய் திறந்தால் போதும். அவள் எழுந்துபோய்க் கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவினாள்.

"ஏன் இப்படி அலையிற? உக்காரேன்."

"உக்கார முடியல."

"உனக்கு வரும், ஒல்லி. எனக்குத் தெரியும்."

புதன்கிழமை முழுக்க ஓர் எண்ணம் அவளைத் துரத்தியது. வியாழனன்று உள்ளே போய் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, பிறகு வெளியே வந்து கையைத் தூக்கினால் ஆயிற்று. தேறியது பொய்யில்லை. நாள்தான் பொய். இதில் யாருக்கு என்ன நட்டம்? கடையிலும் பஸ்ஸிலும் குளியலறையிலும் அதையே கேட்டுக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் பதில் நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்தும் உடம்பு ஓரிடத்தில் நிற்கவில்லை.

வியாழக்கிழமை காலை, கிழிந்தால் கவலையில்லாத சட்டை ஒன்றை மலேனாவே எடுத்துக்கொடுத்தாள். பிளாசாவில் நெஸ்தோரின் அக்கா எல்விரா மாவுப் பையோடு முன்னதாகவே வந்து நின்றாள்.

"இந்தத் தடவையாவது ஆகுமாடி? இல்ல, இந்த மாவுல நான் போய் ரொட்டி சுடணுமா?"

"எக்கா, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு," என்றான் நெஸ்தோர்.

தொபியிடம் யாரும் முட்டை கொடுக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, "அம்மா சொன்னப்பறம்தான். நான் கை வைக்க மாட்டேன்," என்றான்.

சில்வினா உள்ளே போனாள். மாடித் தாழ்வாரத்தில் வேறு ஏதோ பாடத்துக்குப் பிள்ளைகள் நகம் கடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவே பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர்களுடைய பயம் நிஜமானது. அவள் அங்கே ஒரு திருடிபோல இருந்தாள்.

கிளாடிஸ் வாளியோடு வந்து நின்றாள். "நீங்கதான் முடிச்சிட்டீங்களே. எதையாவது மறந்து வச்சிட்டுப் போயிட்டீங்களா?"

சில்வினா எழுந்து ஜன்னலருகே போனாள். கீழே பிளாசா தெரிந்தது. எல்விரா மாவுப் பையால் விசிறிக்கொண்டிருந்தாள். நெஸ்தோர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். தொபி இன்னும் கைகளைப் பின்னால் கட்டியபடியே நின்றான். வெயில் முகத்தில் அடித்தும் நகரவில்லை. ஜூலையிலிருந்து அவன் அப்படியேதான் நிற்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் விறுவிறுவென்று இறங்கினாள்.

நான்கு பேரும் அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தார்கள்.

"தேறிட்டேன்," என்றாள். மலேனா கிறீச்சிட்டுப் பையைத் தூக்குவதற்குள் கையை நீட்டித் தடுத்தாள். "செவ்வாக்கிழமையே."

மலேனா பையைத் தூக்கியபடியே நின்றாள். அதிலிருந்து சக்கைத் தண்ணீர் அவள் முழங்கைமேல் சொட்டியது.

"அப்ப இன்னிக்கு என்ன, ரெண்டாவது காட்சியா?" என்றாள் எல்விரா. யாரும் சிரிக்கவில்லை.

நெஸ்தோர் முட்டைப் பெட்டியை இடுப்போடு அணைத்துக்கொண்டான். பிறகு, "அந்தக் கப்பல் பாடத்த என்கிட்ட ஒப்பிச்சியே, அப்பவே தேறிட்டியா?" என்றான்.

"அப்பவே."

"இதுவே வரட்டும்னு சொன்னேனே."

"ஆமா."

"என்னை வச்சி வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்திருக்க."

"இல்ல. ஜூலை மாதிரி மறுபடி பஸ்ல வர என்னால முடியாது, நெஸ்தோர். அதுக்குத்தான். தேறினப்பறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவன் பெட்டியிலிருந்து ஒரு முட்டையை எடுத்தான். கையில் வைத்துப் பார்த்தான். எறிந்தான்.

அது விளையாட்டு எறி இல்லை. தோள்பட்டை எலும்பில் பட்டு உடைந்தது. நன்றாகவே வலித்தது. அவள் துடைக்கவில்லை, நகரவும் இல்லை. அவனும் இரண்டாவது முட்டையை எடுக்கவில்லை.

தொபி அருகே வந்தான். கைகள் இன்னும் பின்னால்தான்.

"அம்மா, நெசமாவே பாஸா?"

"நெசமா."

"அப்ப போடலாமா?"

"போடுடா."

அவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். நெஸ்தோர் பெட்டியை அவன் பக்கம் நீட்டினான். அதற்குப் பிறகுதான் மலேனாவுக்கு உயிர் வந்தது. சக்கை, வினிகர், மாவு, எல்விராவின் கத்தரிக்கோல். சட்டைக் கை ஒன்று தனியாகப் போயிற்று. வாசலிலிருந்து கிளாடிஸ், "படிக்குக் கொண்டு வராதீங்க!" என்று கத்தினாள்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எல்லோரும் கைதட்டினார்கள். டிரைவர் காசு வேண்டாம் என்றார். இருக்கையை அழுக்காக்க வேண்டாமென்று சில்வினா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஸ்தோர் அவளுக்குப் பக்கத்தில் நிற்காமல், எதிர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தோளிலும் கொஞ்சம் மாவு படிந்திருந்தது.

முன்சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "வாழ்க, டாக்டர்! இன்னிக்குத்தானா?" என்று கேட்டார்.

சில்வினா வாய் திறந்தாள்.

"செவ்வாக்கிழமை," என்றான் நெஸ்தோர், ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.