திட்டினால்தான் எழும் கம்ப்யூட்டர்

அந்த ஒரு வரியை எடுத்தால் கம்ப்யூட்டர் செத்துப்போனது. வைத்தால் பிழைத்தது.

“தடிமாடே, எழுந்திரு!”

அவ்வளவுதான் வரி. கோளாறு எங்கே என்று பார்க்க அக்கா சொருகியது. ஸ்விட்சைத் தட்டினால் திரையில் இந்த வசவு ஓடும். பின்னாலேயே, நாங்கள் இரண்டு பேரும் இரண்டு வருஷமாக அடியிலிருந்து கட்டிய ஆபரேட்டிங் சிஸ்டம் கண் விழிக்கும். வசவை அழித்தால் வெறும் கறுப்பு.

“திட்டினாத்தான் வேலை செய்யுது. அப்படியே நீதான்டா” என்றாள் அக்கா.

மாடி அறையில் மத்தியான வெயில் சாய்ந்து கிடந்தது. தூசு மிதந்தது. அந்த வெளிச்சத்தில் எனக்குக் கம்ப்யூட்டரின் உள்ளே தெரிகிற மாதிரி இருந்தது. கதவு திறந்த காலி அறைகள் வரிசை வரிசையாக. ஒருவருக்கு ஒருவர் வழிவிட்டு, சத்தமில்லாமல் நடந்துபோகும் வேலையாட்கள்.

நான்கு மணிக்குக் கார். வேறு ஊரில் அக்காவுக்கு முதல் வேலை.

“வசவு இல்லாம இது சொந்தக் கால்ல நிக்கணும். நிக்கலைன்னா வேலைக்கு வரலைன்னு போன் பண்ணிடுவேன்.”

அக்கா சொன்னால் செய்கிறவள்.

வசவு இல்லாமல் அது ஏன் எழவில்லை என்று எனக்குத் தெரியும். மூன்று நாளாகத் தெரியும்.

வசவை எழுத்தெழுத்தாகத் திரைக்கு அனுப்பக் கொஞ்சம் நேரமாகிறது. அதற்குள் டிஸ்க் சுழன்று தயாராகிவிடுகிறது. வசவு இல்லாவிட்டால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவனைக் கேள்வி கேட்ட கதைதான், உளறல்தான் பதில். டிஸ்க்கிடம் ‘தயாரா?’ என்று கேட்டுக் காத்திருந்தால் போதும். நான்கே வரி.

எழுதினால் அக்கா போய்விடுவாள்.

“பெட்டி கட்டினியா இல்லையாடி?” கீழேயிருந்து அம்மா.

மணி மூன்றரை. அக்கா செல்போனை எடுத்தாள்.

“விடு. சொல்லிடறேன். இங்கேயே இருந்துடறேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் இன்னொரு கை வேலை உத்தரவுக் கடிதத்தின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தது. சுருக்கம் விழக் கூடாது என்பதுபோல.

“அக்கா, இரு.”

கீபோர்டை இழுத்தேன். நான்கு வரி அடித்தேன். வசவை அழித்தேன். ஸ்விட்ச்.

கறுப்பு.

ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

திரையின் மூலையில் சின்னக் கோடு ஒன்று கண் சிமிட்டத் தொடங்கியது.

அக்கா திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“எப்ப கண்டுபிடிச்சே?”

“இப்பத்தான்.”

“காது செவக்குது. உண்மையைச் சொல்லு.”

“திங்கக்கிழமை.”

நறுக்கென்று ஒரு குட்டு.

“வலிச்சுதா?”

“இல்லை.”

“அப்ப இன்னொண்ணு வாங்கிக்கோ.”

வாசலில் ஹாரன். பெரிய பெட்டியை நான் தூக்கினேன், சின்னதை அவள். பாதிப் படியில் நின்றாள்.

“அதை அணைச்சியா?”

“இல்லையே.”

“யாருமே இல்லாம ஓடிக்கிட்டிருக்கா?”

இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். மேலே, திறந்த அறையிலிருந்து மெல்லிய ரீங்காரம்.

“ஓடட்டும்” என்று அக்கா இறங்கிப் போனாள்.