தையல்கடைத் தூங்குமூஞ்சி

தம்பிக்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்ததே அண்ணன்தான். தையல் மெஷினில் காலை வைத்தபடியே தம்பி கண்ணசந்தபோது, "வேலைன்னா மட்டும் உனக்கு எங்கிருந்துடா வருது இந்தத் தூக்கம்!" என்று கடையே சிரிக்கும்படி திட்டினார். மூன்றாம் நாள் முகத்தில் தண்ணீர் தெளித்தும் அவன் எழவில்லை. அதற்குள் அதே தெருவில் நாலு பேர் அப்படிப் படுத்துவிட்டார்கள். மூளைக்காய்ச்சல், ஊரெல்லாம் பரவுகிறது என்றார் டாக்டர். அண்ணனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

காய்ச்சல் விட்டது. ஆனால் தம்பி திரும்பி வரவில்லை. எட்டு மாதமாக, உட்கார வைத்தால் உட்கார்ந்தபடியே இருந்தான். ஊட்டினால் விழுங்குவான். கண் திறந்திருக்கும், பார்வை எங்கும் போகாது. அண்ணன் அவனைக் கடையிலேயே, அவனுடைய மெஷினுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார். குளிப்பாட்டி, துணி மாற்றி அண்ணியும் ஓய்ந்துபோனாள். அவளும் மனுஷிதானே.

"அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எங்க இருந்தாலும் ஒண்ணுதான்" என்று சொல்லி, காப்பகத்துக்கு அனுப்பும் படிவத்தை டாக்டர் கொடுத்தார். மறுநாள் காலையில் வண்டி வரும். அண்ணன் கையெழுத்துப் போட மட்டும் பாக்கி. படிவத்தை வெட்டு மேசையில் வைத்துவிட்டு, மனசு ஓடாமல் ஒரு கால்சட்டையைத் தைக்க உட்கார்ந்தார்.

அந்தக் கடை ஒடுக்கம். நடுவில் மேசை அடைத்துக்கொண்டிருக்கும். யாரும் எழுந்து போய் எதையும் கொடுப்பதில்லை, எறிவதுதான் இருபது வருஷ வழக்கம். கால்சட்டை முடிந்ததும் அண்ணன் தலை நிமிராமலே, "டேய், நூலு!" என்று நூல்கண்டை எறிந்துவிட்டார்.

எறிந்த பிறகுதான் உறைத்தது. ஐயோ, முகத்தில் பட்டிருக்குமே!

தம்பியின் வலது கை மேலே நின்றது. அதில் நூல்கண்டு இருந்தது.

"டேய்... உனக்குத் தெரியுதாடா? எல்லாம் கேக்குதா?"

முகம் அசையவில்லை. கண்ணில் மட்டும் நீர் திரண்டு இறங்கியது.

"அப்போ எட்டு மாசமா இவன் முன்னாடியே என்னென்ன பேசியிருக்கோம்..." அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

வாசலில் நின்ற அண்ணி உள்ளே வந்தாள். படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

"வண்டிக்காரர்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க இன்னொன்னு எறிங்க. இடது கை சும்மாத்தானே இருக்கு."

அண்ணன் எறிந்தார். கண்ணீரில் குறி தப்பியது. தம்பியின் கை தப்பவில்லை.