இரண்டு சகலைகள், ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

என் கணவரும் என் அக்கா கணவரும் இரண்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரே காரில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து ஊர் சுற்றிவிட்டு வந்தார்கள். அந்தச் சண்டையில் வாயே திறக்காத அக்காவும் நானும்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் கிடந்தோம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

அது சாதாரணக் கார் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே தயாரிப்பதை நிறுத்திவிட்ட, இரண்டே சீட் உள்ள, கூரை மடங்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். முழுசாக வாங்க இரண்டு பேருக்கும் வக்கில்லை. அதனால் ஆளுக்குப் பாதி போட்டார்கள். வாங்கியதோடு விட்டதா? கதவோரத்து ரப்பர் பட்டை ஒன்று கப்பலேறி வந்தது. அந்த விலைக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கலாம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த மாதம்தான் எங்கள் வாஷிங் மெஷின் உயிரை விட்டிருந்தது. காருக்குப் போர்த்த மெத்தென்று ஒரு பருத்தி உறை தைத்தார்கள். மெஷின் போனபின் நான் கையால் துவைத்த முதல் துணி அதுதான்.

இரண்டு பேரும் கூடி ஒரு சட்டமும் போட்டார்கள். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் வண்டியை எடுக்கக் கூடாது. தேய்மானம் இரண்டு தரப்புக்கும் சமமாக இருக்க வேண்டுமாம். வாடகை ஷெட்டின் சாவி அத்தானிடம், கார் சாவி இவரிடம். இருக்கிற இரண்டு சீட்டில் இரண்டு சகலைகளும் ஏறிக்கொண்டால் பெண்டாட்டிகளுக்கு ஏது இடம்? நாங்கள் வாசலில் நின்று டாட்டா காட்டினோம். அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேன் நிறையப் பிள்ளைகள் காது கிழியக் கத்தும்போதும் சந்துக்குள் ரிவர்ஸிலேயே ஓட்டிவந்து நிறுத்துவாள். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று அவள் கேட்டபோது அத்தான் சொன்னார்: "இது ரொம்ப நுணுக்கமான வண்டிம்மா. உனக்கு சரிப்பட்டு வராது."

சண்டை வந்தது கதவில் இருந்த ஒரு நசுங்கலால். இவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளை மதிப்பிடுகிறவர். நசுங்கலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. அத்தானுக்கு ஒரு சந்தோஷமாக இருக்கட்டுமே என்று, வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்த அவரிடம் ஏதோ காரணம் சொல்லி ஷெட் சாவியை வாங்கி, ஆள் வைத்துத் தட்டி நிமிர்த்திவிட்டார்.

திரும்பி வந்த அத்தான் கதவைத் தடவிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அது முதல் ஓனர் காலத்து நசுங்கல்! அதைப் போய் அழிச்சிட்டியே, பாவி! பழசுன்னா அப்படியே காப்பாத்தணும்யா!"

இப்படிச் சொன்ன மனிதர் பல் டாக்டர். கொஞ்சம் ஆடுகிறது என்று போனாலே பிடுங்கிக் கையில் கொடுத்துவிடுவார்.

"சட்டத்தையும் மீறிட்டான்" என்றார் அத்தான். "நல்லது செஞ்சதுக்கு இதுவா மரியாதை?" என்றார் இவர். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவே போக்குவரத்தும் நின்றது. ஒருமுறை நானும் அக்காவும் கடைத்தெருவில் சந்தித்துக்கொண்டது தெரிந்து, இரண்டு வீட்டிலும் ஒரு வாரம் இவர்கள் சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைக்கிற நாடகம் நடந்தது. அலுத்துப்போய்ச் சந்திப்பதையே விட்டுவிட்டோம். ஆனால் காரை ஓட்டாமல் போட்டால் எஞ்சின் இறுகிவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் மட்டும் நிற்கவில்லை. அவர்கள் ஊமைகளாகச் சுற்றுகிற அந்த நேரத்தில்தான் நாங்கள் போனில் பேசினோம். எனக்கு அது போதவில்லை. எனக்கு என் அக்கா வேண்டும், அவள் குரல் மட்டும் இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. இறங்கித் தள்ள வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று சொல்லிச் சேர்ந்து தள்ளுவதுதான் உலக வழக்கம். பேசாதவர்கள் எப்படிச் சொல்வார்கள்? இவர் தள்ளியபோது அத்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அத்தான் தள்ளியபோது இவர் இடுப்பில் கைவைத்து நின்றார். கடைசியில் வண்டி ஷெட்டுக்கு வந்துவிட்டது. இவர்தான் வில்லாக வளைந்து வீட்டுக்கு வந்தார்.

அடுத்த ஞாயிறு கட்டிலில் படுத்தபடியே சாவியை நீட்டினார்.

"நம்ம பாதிக்கு நீ போய் உக்காரு."

"நானா? பக்கத்துல அத்தானா?"

"அவர் தனியா எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். ரவுண்டானா வரைக்கும் போய்த் திரும்பணும். மூணாவது கியர் போடும்போது வெடுக்குன்னு இழுப்பாரு. பார்த்து வெச்சுக்க, வந்து சொல்லணும்."

அத்தானிடம் என்ன பேசுவது என்று யோசித்தபடியே போனேன். ஷெட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது அக்கா.

"அவரால கழுத்தைக்கூட திருப்ப முடியலடி. நம்ம பாதிக்கு நீ போன்னு அனுப்பிட்டாரு."

அதற்கப்புறம் அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தோம். இளைத்துப்போயிருந்தாள். என் தலையைத் தொட்டுப் பார்த்து, "என்னடி, இப்படி நரைச்சிட்ட?" என்றாள்.

அக்காதான் ஓட்டினாள். கூரையை மடக்கிவிட்டாள். மூன்றாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

"அக்கா, ரவுண்டானா போயிடுச்சு!"

"போகட்டும்!"

ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினாள். இரண்டு வருடப் பேச்சையும் அங்கே கொட்டித் தீர்த்தோம். அவளுக்கு நடந்த ஆபரேஷனைப் பற்றி அப்போதுதான் சொன்னாள். "போன்ல சொன்னா நீ அழுவ, பக்கத்துல இருந்து துடைக்க முடியாதுல்ல" என்றாள். எனக்கு அந்தக் காரை ஏரிக்குள் தள்ளிவிடலாம் என்றிருந்தது.

வெயில் ஏறியபிறகு இரண்டு போனும் ஒரே நேரத்தில் அடித்தன. எடுத்தோம்.

"வண்டி எங்க?" என்றார் இவர்.

"வண்டி எங்க?" என்றார் அத்தான்.

அக்கா என்னைப் பார்த்தாள். என் போனைப் பிடுங்கி, ஸ்பீக்கரில் போட்டு ஒரு சீட்டில் வைத்தாள். தன் போனை இன்னொரு சீட்டில் வைத்தாள். இவர் மறுபடி, "வண்டி எங்கடி?" என்று கத்தினார்.

"சகலை?" அத்தானின் குரல்.

"ம்."

"வண்டி உன் பக்கம் வந்துச்சா?"

"வரலையே. நானும் அதைத்தான் கேட்டுட்டு இருக்கேன்."

அத்தானே கேட்டார்: "இடுப்பு எப்படி இருக்கு?"

"உக்கார முடியல. உங்களுக்கு?"

"படுக்கவும் முடியல."

யாரோ முதலில் சிரித்தார்கள். யார் என்று தெரியவில்லை. கார்புரேட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெண்டாட்டிகள் எங்கே என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

அக்கா என் தோளில் கை போட்டாள். "விடுடி, பேசட்டும். ராத்திரி எங்க வீட்லதான் உனக்குச் சாப்பாடு. யாரு தடுக்கிறான்னு பாக்குறேன்."

அந்தக் காரில் இருப்பது இரண்டே சீட். அதில் அவர்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் நடந்தோம்.